300 வெற்றிகளா, 3,000 ஸ்ட்ரைக்அவுட்களா, பெர்ஃபெக்ட் கேமா: பிட்ச்சரை எடைபோட எந்த மைல்கல்லை நம்பலாம்?

ஆண்டின் கடைசி வாரங்களில் அமெரிக்கப் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களின் கையில் ஒரு வாக்குச்சீட்டு இருக்கும். ஓய்வுபெற்று 5 ஆண்டுகள் கடந்த ஆட்டக்காரர்களில் அதிகபட்சம் 10 பேருக்கு அவர்கள் வாக்களிக்கலாம். 75 விழுக்காடு வாக்குகளைப் பெறுபவர் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் ஊரிலுள்ள, பேஸ்பாலின் மகத்தானவர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெறுவார். வாக்குரிமை இல்லாத ரசிகர்களும் அதே வாரங்களில் அதே வழக்கைத்தான் விவாதிக்கிறார்கள். மட்டையாளர்களைப் பற்றிய வாதம் ஓரளவு எளிதாக முடிந்துவிடுகிறது. பந்து வீசும் பிட்ச்சர்களைப் பற்றிய பேச்சு மட்டும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறது: ஒருவர் 300 வெற்றிகளைச் சொல்கிறார், இன்னொருவர் 3,000 ஸ்ட்ரைக்அவுட்களைச் (மூன்று ‘ஸ்ட்ரைக்’ வீசி மட்டையாளரை வெளியேற்றுவது) சொல்கிறார், மூன்றாமவர் தம் கண்முன்னே நிகழ்ந்த ஒரு பெர்ஃபெக்ட் கேமை (எதிரணியில் ஒருவரையும் முதல் பேஸுக்கு விடாத ஆட்டம்) மறக்க முடியாமல் அதையே சான்றாக நீட்டுகிறார். இரண்டு பிட்ச்சர்களில் யார் பெரியவர் என்று முடிவெடுக்க வேண்டியவர் இவற்றுள் எதைக் கையிலெடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

எந்த மைல்கல்லுக்கும் நான் நான்கு கேள்விகளை வைக்கிறேன். அந்த எண்ணில் பிட்ச்சரின் கைவண்ணம் எவ்வளவு, உடன் ஆடியவர்களின் பங்கு எவ்வளவு? 1910-இல் ஆடியவரையும் 2020-இல் ஆடியவரையும் அதைக் கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த முடியுமா? அது நீண்ட உழைப்பை அளக்கிறதா, உச்சத்தின் உயரத்தை அளக்கிறதா? இன்று ஆடத் தொடங்கும் ஒருவருக்கு அது எட்டக்கூடிய இலக்காக இருக்கிறதா?

நான்கிலும் முதல் கேள்விக்கே அதிக எடை தருகிறேன். மற்ற மூன்றிலும் குறைபாடு இருந்தால் எண்ணைத் திருத்தியோ விளக்கம் சேர்த்தோ பயன்படுத்திவிடலாம். முதல் கேள்வியில் தோற்ற எண்ணோ யாருடைய திறமையை அளக்கிறது என்பதே தெளிவாகத் தெரியாது.

| கேள்வி | 300 வெற்றிகள் | 3,000 ஸ்ட்ரைக்அவுட்கள் | பெர்ஃபெக்ட் கேம் |
|---|---|---|---|
| எட்டியவர்கள் | 24 பேர் | 20 பேர் (2025 முடிய) | 24 ஆட்டங்கள் (2025 முடிய) |
| பிட்ச்சரின் சொந்தப் பங்கு | பாதி என்றே கொள்ளலாம் | மிக அதிகம் | அதிகம். அதிர்ஷ்டமும் வேண்டும் |
| காலங்களைக் கடந்த ஒப்பீடு | கடினம் | திருத்தத்துடன் இயலும் | ஓரளவு இயலும் |
| எதை அளக்கிறது | நீளத்தை | நீளத்தையும் ஆற்றலையும் | ஒரே ஒரு நாளை |
| இன்று எட்டக்கூடியதா | ஏறக்குறைய இல்லை | கடினம், ஆயினும் இயலும் | யாருக்கும் எந்நாளும் |

## 300 வெற்றிகள்

தொடக்க பிட்ச்சர் ஒருவர் குறைந்தது 5 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும். அவர் ஆட்டத்தை விட்டு வெளியேறும்போது அவருடைய அணி முன்னிலையில் இருக்க வேண்டும். அந்த முன்னிலை கடைசிவரை பறிபோகாமலும் இருக்க வேண்டும். இத்தனையும் கூடினால்தான் அந்த ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில் எழுதப்படும். இந்த மூன்று நிபந்தனைகளில் இரண்டு அவர் கையில் இல்லை என்பதைக் கவனித்தாலே இந்த மைல்கல்லின் குறை விளங்கிவிடும். அவருடைய அணியின் மட்டையாளர்கள் ஓட்டங்களை எடுக்க வேண்டும். அவருக்குப் பின் வரும் ரிலீவர் சொதப்பாமல் இருக்க வேண்டும்.

நோலன் ரயன் 1987-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக ஆடி, நேஷனல் லீகிலேயே மிகக் குறைந்த ஈஆர்ஏவான 2.76-ஐயும், லீகிலேயே மிகுதியான 270 ஸ்ட்ரைக்அவுட்களையும் பெற்றார். அந்தப் பருவத்தில் அவர் பெயரில் இருந்தவை 8 வெற்றிகள், 16 தோல்விகள். (பிழைகளால் வந்த ஓட்டங்களை நீக்கி, 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டங்களைப் பிட்ச்சர் விட்டுக்கொடுத்தார் என்பதே ஈஆர்ஏ.) 1968-இல் பாப் கிப்ஸன் 1.12 என்ற வியத்தகு ஈஆர்ஏவுடன் வீசியபோதும் 9 ஆட்டங்களில் தோல்வி அவர் கணக்கில் ஏறியது. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு: 1972-இல் பிலடெல்பியா ஃபிலீஸ் அணி மொத்தமே 59 ஆட்டங்களில்தான் வென்றது, அவற்றுள் 27 ஸ்டீவ் கார்ல்டனுக்கு உரியவை. மோசமான அணியிலிருந்தும் ஒருவர் வெற்றிகளைப் பிடுங்கி எடுக்க முடியும் என்பதை அது காட்டுகிறது. அப்படி எடுப்பது எவ்வளவு அரிது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

இந்த எண்ணுக்கு ஒரு மறைசெலவு இருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றவர்களுக்கும் அந்தப்பக்கம் நின்றவர்களுக்கும் இடையே இல்லாத மலையை அது எழுப்பிவிடுகிறது. 324 வெற்றிகள் பெற்ற டான் சட்டன் 1998-இல் கூப்பர்ஸ்டவுனுக்குள் நுழைந்தார். 288 வெற்றிகளோடு நின்ற டாமி ஜான் எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் 15 ஆண்டுகள் இருந்தும் தேறவில்லை. இருவருடைய வாழ்நாள் ஈஆர்ஏ முறையே 3.26, 3.34, மைதானங்களின் தன்மையையும் லீகின் சராசரியையும் கணக்கில் சேர்த்தால் ஜான் ஒரு மயிரிழை மேலே கூட வருகிறார். சட்டன் கூடுதலாக வீசிய 500-க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் மதிப்புடையவைதான். ஒருவரை உள்ளேயும் மற்றவரை வெளியேயும் நிறுத்தும் அளவுக்கு அவை மதிப்புடையவையா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

எண்ணைத் துரத்துவதும் ஒரு செலவுதான். ஏர்லி வின் 1962 முடிவில் 299-இல் நின்றார். அவருடைய அணி அவரை விடுவித்தது. மறு பருவத்தில் கிளீவ்லாந்து அவரைச் சேர்த்துக்கொள்ள, ஜூலை மாதத்தில் 5 இன்னிங்ஸ் மட்டும் வீசி 300-ஐ எட்டினார். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. 299-இல் ஓய்வுபெற்றிருந்தால் அவர் எந்த வகையில் குறைந்த பிட்ச்சராக இருந்திருப்பார்?

காலமாற்றம் இந்த மைல்கல்லை இன்னும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. சை யங் 749 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே வீசினார். 511 வெற்றிகள் பெற்றார். இன்று ஒரு பருவத்தில் 200 இன்னிங்ஸைத் தாண்டுவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான்கு பிட்ச்சர்களைச் சுழற்சி முறையில் இறக்கிய வழக்கம் ஐவராக மாறிய நாளிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கும் ஆட்டங்கள் குறைந்தன. ரிலீவர்களின் படை பெருகிய நாளிலிருந்து ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு ஆட்டத்தின் விதி பெரும்பாலும் வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. கடைசியாக 300-ஐத் தொட்டவர் ராண்டி ஜான்ஸன், ஆண்டு 2009. ஜஸ்டின் வெர்லாண்டர் 2025 பருவத்தை 266-இல் முடித்தார். அந்தப் பருவத்தில் 3.85 என்ற தாழ்வில்லாத ஈஆர்ஏ இருந்தும் அவருக்குக் கிடைத்தவை 4 வெற்றிகள், 11 தோல்விகள்.

இந்த மைல்கல்லை எங்கே பயன்படுத்தலாம்? தொடக்க பிட்ச்சரே பெரும்பாலும் ஆட்டத்தை முடித்துவைத்த காலத்து ஆட்டக்காரர்களை, அதாவது ஏறத்தாழ 1970-கள் வரையிலானவர்களைத் தமக்குள் ஒப்பிடும்போது மட்டும் பயன்படுத்தலாம். வாரன் ஸ்பானின் 363-ஐயும் லெஃப்டி குரோவின் 300-ஐயும் பேசும்போது அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. கிளேட்டன் கெர்ஷாவின் 223-ஐ அவற்றோடு நிறுத்துவது பொருந்தாத தராசு.

## 3,000 ஸ்ட்ரைக்அவுட்கள்

கிரிக்கெட்டில் ஸ்டம்பைத் தகர்க்கும் பந்துக்கு எந்த ஃபீல்டரின் தயவும் வேண்டாம் என்பதுபோல, ஸ்ட்ரைக்அவுட்டில் பந்து மைதானத்துக்குள் போவதே இல்லை. பிட்ச்சர், எதிரே மட்டையாளர், பின்னால் கேட்ச்சர், அம்பயர்: இவ்வளவே அந்த நாடகத்தின் பாத்திரங்கள். ஆகவே என் முதல் கேள்வியில் இந்த மைல்கல் மற்ற இரண்டையும் விட மேலே நிற்கிறது.

வால்டர் ஜான்ஸன் 1923-இல் முதன்முதலாக 3,000-ஐ எட்டினார். இரண்டாமவராகப் பாப் கிப்ஸன் வர 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு வரிசை வேகமாக நீண்டது; 2025 ஜூலை 2 அன்று டாட்ஜர் ஸ்டேடியத்தில், அன்று இரவு தாம் வீசிய 100-ஆவது பந்தில் கெர்ஷா 20-ஆவது ஆளாக அதில் சேர்ந்தார். முழு வாழ்நாளையும் ஒரே அணியில் கழித்து இந்த எண்ணைத் தொட்டவர்கள் ஜான்ஸன், கிப்ஸன், கெர்ஷா ஆகிய மூவர் மட்டுமே.

இந்தப் பட்டியலின் தரத்துக்கு ஒரு சோதனை வைக்கலாம். வாக்கெடுப்புக்கு வந்தவர்களில் உள்ளே போகாதவர்கள் இருவர்: ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு சூழ்ந்த ரோஜர் கிளெமன்ஸ், களத்துக்கு வெளியே தாம் பேசியவற்றால் வாக்குகளை இழந்த கர்ட் ஷில்லிங். ஆட்டத்திறன் போதாது என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. 287 வெற்றிகளோடு நின்ற பெர்ட் பிளைலெவன் 3,701 ஸ்ட்ரைக்அவுட்களை வைத்துக்கொண்டும் 14-ஆவது முயற்சி வரை காத்திருந்தது, இந்த எண்ணின் மதிப்பை வாக்காளர்கள் எவ்வளவு மெதுவாக உணர்ந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

இதற்கும் மறைசெலவுகள் உண்டு; அவை சிறியவையும் அல்ல.

முதலாவது, காலத்தின் வீக்கம். 1920-களில் ஓர் அணியின் மட்டையாளர்கள் ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று முறை கூட ஸ்ட்ரைக்அவுட் ஆகவில்லை. அண்மை ஆண்டுகளில் அது எட்டைத் தாண்டிவிட்டது. ஹோம் ரன்னுக்காக முழுவீச்சில் மட்டையைச் சுழற்றும் இன்றைய பாணியில், அவுட் ஆவதற்கு மட்டையாளர் முன்போல வெட்கப்படுவதில்லை. ஆக, வால்டர் ஜான்ஸன் அவருடைய காலத்தில் எடுத்த 3,000-உம் இன்று எடுக்கப்படும் 3,000-உம் ஒரே விலை உடையவை அல்ல. பழையதன் விலையே அதிகம்.

இரண்டாவது, பாணிச் சார்பு. பந்தைத் தரையோடு தட்டவைத்து, ஃபீல்டர்களைக் கொண்டு அவுட் எடுத்தே வாழ்ந்த பிட்ச்சர்களை இந்தப் பட்டியல் கண்டுகொள்ளாது. ஸ்பான் (2,583), கிரிஸ்டி மாத்யூஸன், குரோவர் அலெக்ஸாண்டர், குரோவ், 305 வெற்றிகள் பெற்ற டாம் கிளாவின் ஆகியோர் எல்லாரும் இதற்கு வெளியே நிற்கிறார்கள். ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கான விருதுக்கே தம் பெயரைத் தந்த சை யங்கும் 2,803-இல் நின்றவர்தான். இவர்களை விலக்கும் ஒரு சல்லடையை மட்டும் நம்பித் தீர்ப்பெழுத முடியாது.

மூன்றாவது, மற்றதை மறைக்கும் பளபளப்பு. ரயனின் 5,714 எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது. மட்டையாளர்களுக்கு இலவசமாக முதல் பேஸைக் கொடுத்த ‘வாக்’ கணக்கிலும் முதலிடம் அவருக்கே: 2,795. ஓட்டங்களைத் தடுப்பதில் அவர் லீகின் சராசரியைவிட நல்லவர், ஆனால் மிக மேலானவர் அல்லர்.

இத்தனைக்குப் பிறகும், ஒரே ஒரு மைல்கல்லைத்தான் கையிலெடுக்கலாம் என்று கட்டாயப்படுத்தினால் நான் இதையே எடுப்பேன். 1960-க்குப் பிறகு ஆடிய தொடக்க பிட்ச்சர் இருவரை ஒப்பிடும் எந்த வாதத்திலும் இது முதற்சான்றாக நிற்கத் தகுதியுடையது.

## பெர்ஃபெக்ட் கேம், நோ-ஹிட்டர்

எதிரணியின் 27 மட்டையாளர்களில் ஒருவரைக் கூட முதல் பேஸுக்கு விடாமல் ஆட்டத்தை முடிப்பது பெர்ஃபெக்ட் கேம். 1880 ஜூனில் லீ ரிச்மண்ட் முதலில் வீசினார். 2023 ஜூனில் டொமிங்கோ ஹெர்மான் 24-ஆவதை வீசினார். ஹிட் (மட்டையாளர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) மட்டும் கொடுக்காமல் முடித்த நோ-ஹிட்டர்கள் 300-க்கும் மேல் உண்டு. அவற்றில் 7 ரயனுடையவை.

பார்ப்பதற்கு இதைப்போன்ற அனுபவம் பேஸ்பாலில் வேறில்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தீர்ப்புக்கு இது உதவாது. சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரில் 1956-இல் பெர்ஃபெக்ட் கேம் வீசிய டான் லார்ஸனின் வாழ்நாள் கணக்கு 81 வெற்றிகள், 91 தோல்விகள். அதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் அவர் இரண்டாவது இன்னிங்ஸையே தாண்டவில்லை. 2012 ஏப்ரலில் பெர்ஃபெக்ட் கேம் வீசிய ஃபிலிப் ஹம்பர் அதே பருவத்தை 6.44 ஈஆர்ஏவுடன் முடித்தார். மறுபுறம், கிரெக் மேடக்ஸ், கிளெமன்ஸ், கார்ல்டன் ஆகிய மூவரும் ஒரு நோ-ஹிட்டர் கூட இல்லாமலே ஓய்வுபெற்றார்கள். சாதாரணமானவரை உள்ளே விட்டு, மகத்தானவரை வெளியே நிறுத்தும் வாசலை வாசல் என்று எப்படிக் கொள்வது?

அதிர்ஷ்டம் இங்கே எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதற்கு 2010-ஐயும் 2012-ஐயும் பார்க்கலாம். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டின் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக வெளியேற்றினார். 27-ஆவது ஆள் தெளிவாக அவுட் ஆகியும், முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் ‘சேஃப்’ என்று கைகாட்டினார். ஆட்டம் முடிந்தபின் தம் தவறை அவரே ஒப்புக்கொண்டார், பதிவேடு மாறவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2012 ஜூன் 1 அன்று, யோஹான் சன்டானா நியூயார்க் மெட்ஸ் அணியின் வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டரை வீசினார். அதில் கார்லோஸ் பெல்ட்ரான் அடித்த ஒரு பந்து கோட்டில் பட்டும் ‘ஃபவுல்’ என்று தீர்ப்பாயிற்று. ஒருவருக்கு அம்பயர் பறித்தார், மற்றவருக்கு அம்பயர் கொடுத்தார்.

சன்டானாவின் கதையில்தான் இந்த மைல்கல்லின் கனமான மறைசெலவும் இருக்கிறது. தோள்பட்டை அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டுவந்த அவர், அணியின் மேலாளர் மனத்தில் வைத்திருந்த வரம்பைத் தாண்டி, அன்று 134 பந்துகளை வீசினார். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு மேஜர் லீகில் அவர் ஒரு பந்தும் வீசவில்லை. அந்த ஓர் இரவே காரணம் என்று மருத்துவரைப் போல நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அணிகள் அந்த இரவிலிருந்து பாடம் படித்துக்கொண்டன என்றே தோன்றுகிறது. 2022 ஏப்ரல் 13 அன்று மினியாபொலிஸில் கெர்ஷா 7 இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸுக்கு விடவில்லை. வீசியவை 80 பந்துகளே. அப்படியிருந்தும் அவர் வெளியே அழைக்கப்பட்டார், அவரும் மறுப்புச் சொல்லவில்லை. அதே ஆண்டு உலகத் தொடரில் ஹூஸ்டன் பெற்ற நோ-ஹிட்டர் நான்கு பிட்ச்சர்கள் சேர்ந்து வீசியது.

சமநிலையில் நிற்கும் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேறு வழியே இல்லாதபோது, கடைசிச் சல்லியாக இதைத் தட்டில் போடலாம். அதற்கு முன்பு கூடாது.

## மைல்கல்லே வேண்டாம் என்போருக்கு

நான்காவது தேர்வு ஒன்றும் உண்டு. வட்ட எண்களை விட்டுவிட்டு, ஈஆர்ஏவை மைதானத்துக்கும் லீகின் சராசரிக்கும் ஏற்பத் திருத்திப் பார்ப்பது. அதை ஈஆர்ஏ பிளஸ் என்கிறார்கள். 100 என்பது சராசரி, கூடக்கூட நல்லது. கிப்ஸனின் 1968 எல்லா பிட்ச்சர்களும் ஓங்கியிருந்த ஆண்டு. மறு பருவத்திலேயே பிட்ச்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்த வேண்டியிருந்தது. பெட்ரோ மார்ட்டினஸின் 2000, மட்டையாளர்கள் கொழித்த ஆண்டு. அப்போது அவர் பெற்ற 1.74 ஈஆர்ஏ, திருத்திய கணக்கில் 291 ஆகிறது. இரண்டு காலங்களையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவரும் கருவி இதுவே.

குறை என்னவென்றால், ஆண்டுக் கணக்கை இது பொருட்படுத்துவதில்லை. குறைந்த காலம் மின்னியவரும் 20 ஆண்டுகள் உழைத்தவரும் ஒரே எண்ணைப் பெறக்கூடும். 30 வயதில், 165 வெற்றிகளோடு ஓய்வுபெற்ற சாண்டி கோஃபாக்ஸ் போன்றவர்களை ஒப்பிட இது சிறந்தது. நீண்டு உழைத்தவர்களின் வழக்கில் மைல்கல்லோடு சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

## ஒரு வழக்கில் பொருத்திப் பார்த்தால்

2025 வாக்குச்சீட்டில் சி. சி. சபாதியாவும் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸும் முதன்முறையாக இடம்பெற்றார்கள். சபாதியா 86.8 விழுக்காட்டுடன் தேறினார். ஹெர்னாண்டஸுக்குக் கிடைத்தது 20.6.

வெற்றிகளைப் பார்த்தால் 251-க்கு எதிராக 169. ஆனால் ஹெர்னாண்டஸ் தம் வாழ்நாள் முழுவதையும் சியாட்டில் மரினர்ஸில் கழித்தவர்; அவர் இருந்த காலத்தில் அந்த அணி பருவத்தின் இறுதிச் சுற்றான பிளேஆஃபில் ஒருமுறையும் ஆடவில்லை. 2010-இல் 2.27 ஈஆர்ஏவுடன் வீசியும் 13 வெற்றிகள், 12 தோல்விகள் என்ற கணக்கோடுதான் சை யங் விருதை அவர் வாங்கினார். இந்த எண்ணை நான் தள்ளிவிடுகிறேன். பெர்ஃபெக்ட் கேம் ஹெர்னாண்டஸிடம் உண்டு (2012 ஆகஸ்ட் 15), சபாதியாவிடம் இல்லை, அதையும் தள்ளிவிடுகிறேன். ஈஆர்ஏ பிளஸ் கணக்கில் முறையே 116, 117. வித்தியாசமே இல்லை எனலாம்.

மிஞ்சுவது ஸ்ட்ரைக்அவுட்கள்: சபாதியா 3,093, ஹெர்னாண்டஸ் 2,524. ஏறக்குறைய ஒரே தரத்தில் வீசிய இருவரில் ஒருவர் அந்தத் தரத்தைக் கிட்டத்தட்ட 850 இன்னிங்ஸ் கூடுதலாகத் தாங்கினார் என்பதை அந்த இடைவெளி சொல்கிறது. அதனால் இருவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சபாதியாவையே தேர்ந்தெடுப்பேன். ஹெர்னாண்டஸை அடுத்தடுத்த ஆண்டுகளின் சீட்டில் எடைபோடும்போது மட்டும் 3,000 என்ற கோட்டை எடுத்து வைத்துவிட்டு, 2009 முதல் 2014 வரையிலான அவருடைய உச்சத்தைக் கோஃபாக்ஸ், சன்டானா போன்றோரின் உச்சத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். இனி வரும் தலைமுறைக்கும் அதுவே முறை. 2025-இல் பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 10 வெற்றிகள், 10 தோல்விகள் என்ற கணக்கோடு, 1.97 ஈஆர்ஏவை வைத்து, ஒரு வாக்குக் கூடச் சிதறாமல் சை யங் விருதைப் பெற்றிருக்கிறார். 300 என்ற எண்ணைக் கொண்டு அவரை எடைபோட நினைப்பவருக்கு அந்தப் பருவத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காது.